மலைப்புறாக் கறி

அம்மா அந்தக் கறியை என் தட்டில் வைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அகப்பையால் அள்ளி ஊற்றவில்லை. சின்ன மண்சட்டியைத் தனியாகக் கொண்டுவந்து, எலும்பை விரலாலேயே விலக்கி, சதையை மட்டும் சோற்றின் மேல் எடுத்து வைத்தாள். நல்லெண்ணெயில் வதங்கிய மிளகும் பூண்டும் மணத்தன. சதை கோழிக்கறியைவிடக் கறுப்பாக இருந்தது.

"இது உனக்கு மட்டுந்தான். முன்னால உக்காந்திருக்கவங்களுக்குக் காட்டாம தின்னு" என்று காதோடு சொன்னாள்.

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அம்மா வைத்த பத்தியத்தில் என் நாக்கு செத்துக் கிடந்தது. என்ன கறி என்று நான் கேட்கவில்லை. பசித்தது, தின்றேன்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்வீட்டில் விருந்து. என்னையும் பிள்ளையையும் இராஜபாளையத்துக்கு அழைத்துப்போக என் கணவர் வந்திருந்தார். முன்னறையில் அப்பாவும் உபதேசியாரும் சபையார் சிலரும் இருந்தார்கள். வன்னியம்பட்டியிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, ஜெபம் பண்ணி, சாயங்கால பஸ்ஸில் எங்களை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. என் தகரப்பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. பிள்ளைக்கு என் தங்கை கிரேஸ் தொப்பிகூடப் போட்டுவிட்டிருந்தாள்.

அந்தப் பெட்டியை நான் அன்று தூக்கிக்கொண்டு போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எழுதலாமா என்று போன வாரம் முழுவதும் யோசித்தேன். என் கணவரிடமே கேட்டேன். "நடந்ததைத்தான எழுதப்போற, எழுது" என்றார்.

மியூசியம் உத்தியோகம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்காதவர்களுக்காக என் கணவரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இன்று காலேஜ் பையன்கள் அவரைத் தேடி வருகிறார்கள். எங்கள் மலையில் இல்லவே இல்லை என்று புத்தகங்கள் சொன்ன ஒரு சின்னப் பறவையை, கூட்டோடும் குஞ்சோடும் கண்டு காட்டியவர் என்று அவர் பெயரைக் கட்டுரைகளில் போடுகிறார்கள். பறவையியல் வல்லுநர் என்று மேடையில் அழைக்கும்போது நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமானபோது அந்தப் பெயரெல்லாம் கிடையாது. அவர் முதலில் இராஜபாளையத்தில் ஒரு பஞ்சு ஜின்னிங் பாக்டரியில் கணக்கு எழுதினார். பிறகு மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் ரைட்டராகப் போனார். அந்தத் துரைக்குப் பறவைப் பைத்தியம். இவருக்கும் தொற்றிக்கொண்டது. துரை சீமைக்குத் திரும்பும்போது தூரத்தில் இருந்த ஒரு மியூசியத்துக்கு இவரைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனார். மலையில் பறவையைச் சுட்டு, தோலை இறகோடு உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி அனுப்ப வேண்டும். மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் அதை அளந்து பார்த்து எழுதுவார்கள்.

பெண் பார்க்க வந்தபோது "மியூசியத்தில் உத்தியோகம்" என்று சொன்னார்கள். பொய் இல்லை. அப்பா அதை மேஜை நாற்காலி உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு உண்மை தெரிந்தது. நான் அப்பாவைத் திருத்தவில்லை.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டம்மா அவருக்கு "பிட்டல தொர" என்று பெயர் வைத்திருந்தாள். பிட்ட என்றால் அவர்கள் பேச்சில் குருவி. தொர என்றால் துரை. குருவித் துரை குளித்தாரா, குருவித் துரை சாப்பிட்டாரா என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். அவர் சிரிப்பார். எனக்கு முகம் எரியும். ஊர் ஊராகப் போய்க் கண்ணி வைத்துக் காடை கௌதாரி விற்கிறவர்களை எங்கள் பக்கத்தில் எப்படி இளக்காரமாகப் பேசுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு நம் வீட்டின்மேலும் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த மனிதர்களை அப்படிப் பேசுவதே அநியாயம் என்று டீச்சர் டிரெயினிங் பள்ளியில் படித்த எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. அவர் வேலை செய்யும்போது நான்தான் இறக்கையை விரித்துப் பிடிப்பேன். என் கையெழுத்து பொடியாக, அழகாக இருக்கும் என்று சீட்டு எழுதுவதை என்னிடமே கொடுத்திருந்தார். இது எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது, எப்படிக் கூப்பிட்டது, சுடும் முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று கதை கதையாகச் சொல்லுவார். வீட்டில் வேறு விஷயத்துக்கு அவர் அவ்வளவு பேசியதில்லை.

பயம் எனக்கு ஒரு டப்பாவைக் கண்டுதான். உரித்த தோலின் உள்பக்கம் பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சோப்பைத் தடவுவார்கள். வெள்ளையாக, கஞ்சிபோல இருக்கும். அதில் கலந்திருப்பது பாஷாணம். அந்த டப்பா எங்கள் ஒற்றை அறையில் பரணின்மேல் இருந்தது. தொட்டில் கட்டினால் அதற்கு நேர் கீழேதான் கட்டவேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த நாளிலிருந்து அந்த டப்பாதான் என் நினைவில் இருந்தது. அதைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மியூசியம் உத்தியோகம் என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

விறகுக் குவியலுக்குப் பின்னால்

விருந்தன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வந்தவர் காக்கிச் சட்டையில் வந்தார். மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு மேலே காட்டில் தங்கியிருந்தவர், இறங்கிய கையோடு பஸ் ஏறியிருந்தார். ஒரு கையில் வாழைத்தாரும் பிள்ளைக்குச் சட்டையும். இன்னொரு கையில் மூடி போட்ட கூடை.

கூடையைப் பார்த்ததுமே அதில் என்ன இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், இன்றைக்குமா என்று கேட்டேன்.

மூடியைத் திறந்து காட்டினார். மலைப்புறா. சாம்பல் உடம்பு, முதுகில் செம்மண் நிறம், கழுத்தின் பின்னால் மட்டும் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்டதுபோல இருந்தது. மழைக்காட்டின் உச்சியில்தான் இருக்குமாம். அதைப் பார்க்கவே அவர் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறார். உச்சி வெயிலுக்குள் உரிக்காவிட்டால் வயிற்றுப் பக்கம் இறகு கொட்டிவிடும், செத்த நேரம் போதும், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுகிறேன் என்றார்.

நான் அவரை விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அப்போது அம்மா எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டாள். என் வாயில் வந்தது இதுதான்:

"கறிக்குப் புறா கொண்டாந்திருக்காவ. சுத்தம் பண்ணுதாவ."

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பால் கொடுக்கிற பெண்டாட்டிக்கு மலையிலிருந்து புறா கொண்டுவந்து, தானே உட்கார்ந்து சுத்தம் செய்கிற மாப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் முன்னறையில் பெரியம்மாவிடம் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதும் காதில் விழுந்தது. நான் பிள்ளையைத் தூங்கவைக்கப் போய்விட்டேன்.

அவர் வேலையின் வரிசை இப்படி. முதலில் தோலைச் சட்டைபோலக் கழற்றுவார். உள்ளே இருக்கிற உடம்பு முழுசாகத் தனியே வந்துவிடும். அதை ஓர் ஏனத்தில் ஓரமாக வைத்துவிட்டு, தோல் காயும் முன் சோப்பைத் தடவி, பஞ்சடைத்துத் தைப்பார். கடைசியில் அந்த உடம்பை அறுத்துப் பார்ப்பார். வயிற்றில் என்ன பழம் இருக்கிறது, பறவை ஆணா பெண்ணா என்று சீட்டில் எழுதவேண்டும். மலைப்புறாவில் ஆணும் பெண்ணும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு கறி வீணாகாது, சமைப்போம்.

அவர் தைப்பதில் குனிந்திருந்தபோது அம்மா வந்து, சுத்தம் பண்ணின கறிதானே என்று அந்த ஏனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுப்படியில்

நான் மூன்றாவது வாய் எடுக்கும்போது அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி, கைகளை உடம்பில் படாமல் விலக்கி வைத்திருந்தார்.

"அத்தை, ஏனத்துல ஒரு புறா வச்சிருந்தேன். பாத்தீங்களா?"

"பாக்காமயா? அது யாரு வயித்துக்குப் போகுதுன்னு நீங்களே பாருங்க மாப்பிள்ளை" என்று அம்மா என் தட்டைக் காட்டினாள்.

அவர் தட்டைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"உள்ள இருந்ததெல்லாம்?"

"கழுவிக் கொல்லையில கொட்டியாச்சு. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"ஆணா பொண்ணான்னு பாக்கலயே அத்தை."

அம்மா சிரித்துவிட்டாள். "கறியில என்ன ஆணு பொண்ணு?"

நான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. என் வாயில் இருந்த சோறு வாயிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து பிள்ளை விழித்துக்கொண்டான். கிரேஸ் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். அவன் என் ரவிக்கையை முகத்தால் முட்டினான். எனக்கு மார் கட்டியிருந்தது. அவன் அழுகுரலுக்கே பால் கசிந்து துணி நனைந்தது. நான் அவனைத் திருப்பி கிரேஸிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் விழித்தாள். பிள்ளை வீறிட்டான்.  முன்னறையிலிருந்து பெரியம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"ஏட்டி, புள்ள தொண்ட கிழியக் கத்துதான். நீ என்ன மரம் மாதிரி உக்காந்திருக்க? குடு."

நான் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"கறிய எடுத்து வச்ச பொறவா டப்பாவைத் தொறந்தீங்க?"

"ஆமா."

"கத்தி?"

"கழுவுனேன்."

"நேத்து மலையில வேற எதுக்கும் அந்தக் கத்திய வச்சுச் சோப்பு எடுத்தீங்களா?"

அவர் யோசித்தார். அதற்குள் அப்பா வாசலுக்கு வந்திருந்தார். பின்னால் உபதேசியாரும். என்ன டப்பா, என்ன சோப்பு என்று அப்பா கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். டப்பாவில் இருப்பது பாஷாணம் என்றேன். அவர் பறவைத் தோல் உரித்துப் பதம்பண்ணி அனுப்புகிற வேலை பார்க்கிறார் என்றும் சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் கணவரைப் பார்த்துக் கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

"கறியில படலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாப்பிள்ளை. அம்புட்டுத்தான்."

"பட்டிருக்காது மாமா."

"இருக்காதுன்னா? இல்லன்னு சொல்லுங்களேன்."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனம் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் குனிஞ்சு தச்சுக்கிட்டிருந்தேன். பாக்காதத எப்படிச் சொல்லுவேன்?"

இதை எத்தனை முறை திருப்பித் திருப்பி நினைத்திருப்பேனோ தெரியாது. அவர் வேலையே அப்படி. கண்ணால் பார்க்காததைச் சீட்டில் எழுத விடமாட்டார். குரல் கேட்டது, பறவை தெரியவில்லை என்றால் அப்படியே எழுதச் சொல்லுவார். மியூசியத்துப் பெரியவர்கள் அவரை நம்பியதே அதனால்தான். அன்று அடுப்படியில், அத்தனை பேருக்கு முன்னால், தன் பெண்டாட்டியைப் பற்றிய கேள்விக்கும் அவர் அப்படியே பதில் சொன்னார். "படவில்லை" என்று சொல்லியிருந்தால் அம்மா பிள்ளையை என் மாரில் வைத்திருப்பாள். நானும் நம்பியிருப்பேனா? தெரியவில்லை.

கொல்லையில்

அம்மா உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நான் கொல்லையில் குனிந்து குடல் புரள வாந்தி எடுத்தேன். அம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.  "என் கையாலயே வச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது நான் சொன்ன ஒரு சின்னப் பொய். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பசும்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கிரேஸ் சங்கில் புகட்டினாள். பழகாத வாய். பாதி கழுத்தில் வழிந்தது. நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று பாலை மண்ணில் பீய்ச்சினேன். தூரத்தில் தெரிந்த கோவில் கோபுரத்தைச் சுற்றி உழவாரன் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. கறியில் படவே இல்லையோ, வாந்தியில் போய்விட்டதோ, அதை இனி யாராலும் சொல்ல முடியாது.

சாயங்காலம் அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த டப்பா இருக்கிற வீட்டுக்குப் பேரனை அனுப்ப மாட்டேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்லுத? போறேன்னா சொல்லு, நான் தடுக்கல."

என் கணவர் என்னைப் பார்த்தார். போகிறேன் என்று சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"டப்பா வீட்டுல இருக்கக் கூடாது" என்றேன்.

இது நியாயமான பேச்சு. இப்போது யார் கேட்டாலும் நியாயம் என்பார்கள். ஆனால் தனியாக இருக்கும்போது எத்தனையோ சாயங்காலங்களில் சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் இறக்கையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டேன். என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். விருந்துச் சாப்பாட்டில் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை, யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை. உபதேசியார் என்ன செய்வதென்று தெரியாமல் பிரயாண ஜெபம் பண்ணினார். ஒருவர்தான் பிரயாணம் போனார். கூடையில் பஞ்சுக்குள் மலைப்புறா இருந்தது. அதன் சீட்டில் ஆண், பெண் என்ற இடத்தில் பிறகு ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினாராம்.

ஊர்ப் பேச்சு

பெரியம்மா வன்னியம்பட்டிக்குப் போன வேகத்தில் கதையும் போனது. போகப் போக அது வேறு கதையாகிவிட்டது. பெண்டாட்டிக்குக் கறியில் மருந்து வைத்தவன் என்றார்கள். அது இராஜபாளையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டம்மா அதற்குப் பிறகு சுவருக்கு மேலே அவரைக் கூப்பிட்டுக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாளாம். கேலியே மேல் என்று எனக்கு அப்போது தெரிந்தது. யாரிடம் போய் நான் மறுப்பேன்? கோவில் வாசலில் நின்று சொல்லவா? சபையில் என்னிடம் யாராவது இரக்கமாகக் கேட்டால், அப்படியெல்லாம் இல்லை என்று முணுமுணுத்துவிட்டுப் பிள்ளையைச் சாக்கு வைத்து நகர்ந்துவிடுவேன்.

பனிக்காலம் தொடங்கியபோது அவர் சொல்லி அனுப்பினார். ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், பஞ்சு மூட்டை அடுக்கப் பயன்பட்ட பழைய கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். டப்பா, கத்தி, பஞ்சு, மரத்தூள் எல்லாம் அங்கே போய்விட்டன. நான் பிள்ளையோடு திரும்பினேன்.

கேட்டது கிடைத்தது. பரண் சுத்தமாக இருந்தது. சாயங்காலம் வீடு வந்ததும் அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்று, நான் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவுவார். சட்டையை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவார். ஒருநாளும் மறந்ததில்லை. முகம் சுளித்ததும் இல்லை. வீட்டுக்குள் வந்தபின் அரிசி, மழை, யுத்தம் என்று பேசுவோம். பறவையைப் பற்றி அவர் பேச மாட்டார். நானாகக் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். சீட்டுகளையும் அவரே எழுத ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சோற்றை யாராவது ஒரு பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். முன்போல் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கையைப் பிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் வாசலில் கால் வைத்ததும் அவர் எழுந்து இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அங்கனயே நில்லு. கையில புள்ள இருக்கான்ல."

கோபமில்லாமல், அக்கறையாகத்தான் சொன்னார். நான் சோற்றை வாசலில் வைத்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மேஜையில் இருந்த ஒரு பறவையைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் படும்படி உயர்த்தி, ஓர் இறக்கையைத் தானே விரித்துப் பிடித்துக் காட்டினார்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து அது என்ன பறவை என்றே எனக்குத் தெரியவில்லை.